விற்பவருக்கும் காப்பு வேண்டும்

வேலை நிமித்தம் ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு வீட்டுச் சாமான்தான் சொத்து. புத்தூர், நகரி, சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ரயில்வேயிலும், பாங்குகளிலும், பள்ளிக்கூடங்களிலும், விசைத்தறிக் கூடங்களிலும், புதிதாக எழுந்த தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலைமை இதுவே. குடியிருப்பது வாடகை வீடு. அதற்குள் ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், பையனுக்கு வாங்கிய சைக்கிள், தவணை கட்டி முடித்த மோட்டார் சைக்கிள். மாற்றல் உத்தரவு வந்தாலும், தறி நின்று போனாலும், ஊரில் கல்யாணம், வைத்தியம் என்று செலவு வந்தாலும் முதலில் விலை பேசப்படுவது இவைதான்.

சொந்த ஊரானால் இவற்றை விற்பது பெரிய காரியமல்ல. அண்டை வீட்டாரோ, உறவினரோ, கூட வேலை செய்பவரோ எடுத்துக்கொள்வார்கள். பணம் முன்பின்னாக வந்தாலும் வந்து சேர்ந்துவிடும். வெளிமாநிலத்தில் வந்து தங்கியிருப்பவருக்கு அந்த வசதி குறைவு. தெலுங்கு பேசத் தெரிந்தாலும் விலை பேசும் அளவுக்குப் பழக்கம் இருப்பதில்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்க நெருங்கச் சாமானின் விலை இறங்கிக்கொண்டே போகிறது. கடைசி நாளில் பழைய இரும்புக்காரர் தராசோடு வந்து நிற்கிறார். பத்து வருஷம் துணி தைத்துக் குடும்பத்தைத் தாங்கிய மிஷின் எடைக்குப் போய்விடுகிறது.

சாமானை விற்பதில் சிலருக்கு வெட்கமும் இருக்கிறது. 'விற்றுத் தின்கிறான்' என்ற பேச்சுக்குப் பயந்து, யாருக்கும் தெரியாமல் வந்த விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. இந்த வெட்கத்துக்கு இடமே இல்லை. உபயோகமுள்ள பொருள் ஒரு வீட்டில் சும்மா கிடப்பதைவிட இன்னொரு வீட்டில் உழைப்பது நல்லது. விற்பவருக்குப் பணம், வாங்குபவருக்குப் புதிய விலையில் பாதிக்குப் பொருள் என்று இருவருக்கும் லாபமான காரியம் இது. ஊரறிய விளம்பரம் செய்து விற்பதே கௌரவமான வழி.

'விற்பனைக்கு' என்று தொடங்கும் மூன்று வரி விளம்பரம் பத்திரிகைத் தொழிலோடு கூடவே வளர்ந்த ஒன்று. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1966 மே 3-ந் தேதி வரை தன் முதல் பக்கத்தில் செய்தி போடாமல் சிறு விளம்பரங்களையே போட்டு வந்தது. சென்னை 'ஹிந்து'வும் 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரங்களுக்கே விட்டிருந்தது. சிறு விளம்பரத்துக்கு அன்று இருந்த மதிப்பை இது காட்டும்.

அந்த மதிப்புக்குக் காரணம் உண்டு. வரி விளம்பரம் கொடுப்பவர் ஏஜெண்டிடம் நேரில் போக வேண்டும். படிவத்தில் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வரிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். பெயரை வெளியிட விரும்பாதவருக்குப் பெட்டி எண் கொடுக்கப்படும். ஆனால் பெட்டி எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது பத்திரிகை அலுவலகத்துக்குத் தெரியும். பொருளைப் பார்க்க வருபவரும் அதே ஊரிலிருந்தோ, பக்கத்து ஊரிலிருந்தோ நேரில் வருவார். இதிலும் மோசடி நடந்ததுண்டு. ஆனால் மோசடி செய்பவர் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அகப்பட்டுக்கொள்ளும் பயமும் இருந்தது.

இந்த ஏற்பாடு இப்போது பெரும்பாலும் செல்போனுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 1995-ல் 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' ஆரம்பித்து வைத்த வழி, இந்தியாவில் 2006-க்குப் பிறகு 'ஓ.எல்.எக்ஸ்.', 'குவிக்கர்' போன்ற தளங்களாகப் பரவியது. பின்னர் 'ஃபேஸ்புக்', 'வாட்ஸ்அப்' குழுக்களும் சந்தைகளாயின. சாதாரணச் சாமான்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. படம் எடுத்துப் போட்டால் போதும். ஐந்து நிமிஷத்தில் சித்தூரிலும் திருத்தணியிலும் ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள். எழுதத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து விலை கேட்கலாம். தெலுங்கு எழுத்துத் தெரியாத குமாஸ்தாவும் தன் சைக்கிளைப் புத்தூரில் விற்கலாம். வெளியூரிலிருந்து வந்தவருக்கு இது பெரிய உபகாரம். இதை வேண்டாம் என்று சொல்வது அறிவுடைமை ஆகாது.

ஆனால் இந்தச் சந்தையில் தலைகீழான ஒரு விஷயம் நடக்கிறது. வாங்குபவர் ஏமாறுவது எந்தச் சந்தையிலும் உள்ள பழைய கதை. இங்கே பொருளைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் விற்பவரே ஏமாறுகிறார். பணம் வர வேண்டியவரின் கணக்கிலிருந்து பணம் போகிறது.

அது நடக்கும் விதத்தை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரம் வந்த சிறிது நேரத்தில் ஒருவர் போன் செய்கிறார். பேரமே பேசுவதில்லை, கேட்ட விலைக்குச் சம்மதிக்கிறார். ராணுவத்தில் இருப்பதாகவோ, துணை ராணுவப் படையில் இருப்பதாகவோ சொல்லி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புகிறார். 'நேரில் வர லீவு இல்லை. ஆளை அனுப்பிச் சாமானை எடுத்துக்கொள்கிறேன். பணத்தை இப்போதே அனுப்புகிறேன்' என்கிறார். நம்பிக்கை வருவதற்காக ஒரு ரூபாயோ, ஐந்து ரூபாயோ முதலில் அனுப்பியும் வைக்கிறார். அடுத்து ஒரு 'கியூஆர்' கட்டத்தை அனுப்பி, 'இதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்' என்கிறார். எண்ணைப் போட்டதும் பணம் போய்விடுகிறது. 'தவறு நடந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறேன்' என்று இன்னொரு கட்டம் வருகிறது. அதிலும் போகிறது.

படிப்பில்லாதவர்கள்தான் இதில் ஏமாறுவார்கள் என்று நினைப்பது தவறு. 2021 பிப்ரவரியில் அன்றைய டெல்லி முதலமைச்சரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே, பழைய சோபா ஒன்றை விற்க விளம்பரம் செய்து இதே முறையில் இரண்டு தவணையாக 34,000 ரூபாயை இழந்தார். அதிகாரத்தின் உச்சியில் இருந்த வீட்டிலேயே இது நடந்தது என்றால், மாதச் சம்பளக்காரர் வீட்டில் நடப்பதற்குக் கேட்க வேண்டியதில்லை.

இதைத் தொழிலாகவே நடத்தும் கூட்டங்கள் இருக்கின்றன. 2023 ஏப்ரல் கடைசியில் ஹரியானா போலீஸார் நூஹ் மாவட்டத்தில் 14 கிராமங்களில் சுமார் 5,000 பேரைக் கொண்டு ஒரே இரவில் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தார்கள். இணையம், செல்போன் வழியாக நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரை ஏமாற்றி வந்த கும்பல்கள் அவை என்று பின்னர் தெரிவிக்கப்பட்டது. புத்தூரில் விளம்பரம் கொடுக்கும் ஒருவர் எத்தனை தூரத்திலிருந்து குறி வைக்கப்படலாம் என்பதற்கு இது உதாரணம்.

இதற்கெதிராக நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை; பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை. 2016-ல் வந்த 'யு.பி.ஐ.' முறையில் இதற்கு விலக்கே கிடையாது. யாராவது 'பணம் வர எண்ணைப் போடுங்கள்' என்றால், அந்த வார்த்தையிலேயே மோசடி நிரூபணமாகிவிடுகிறது. எதிராளியின் கணக்கிலிருந்து பணத்தைக் 'கேட்டு' அனுப்பும் வசதியைத் தனி நபர்களுக்கிடையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி தேசியப் பணப் பட்டுவாடா நிறுவனம் உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் 'கியூஆர்' கட்டம் இருக்கும் வரை இந்த விதியை மறக்கக் கூடாது. பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் படத்தையும் நம்பலாகாது. பாங்குக் கணக்கில் தொகை ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பொருள் வாசலைத் தாண்ட வேண்டும்.

மோட்டார் வண்டி விற்பவருக்கு வேறொரு அபாயம் உண்டு. எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு அது இரட்டிப்பு. திருத்தணியிலோ, வேலூரிலோ, சென்னையிலோ பதிவான வண்டியோடு இங்கே வந்தவர்கள் ஏராளம். அந்த வண்டியைப் புத்தூரிலோ திருப்பதியிலோ விற்கும்போது, சாவியையும் பதிவுப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, 'பெயரை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். வாங்கியவர் மாற்றுவதில்லை. இன்னொருவருக்கு விற்கிறார். அவர் மேலும் ஒருவருக்கு விற்கிறார். பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயர் அப்படியே நிற்கிறது.

அதன் விளைவு என்ன என்பதைச் சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பில் சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறது. 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார் பல கை மாறி, 2009-ல் விபத்துக்குள்ளானது. நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே என்று கோர்ட் தீர்ப்பளித்தது. வண்டியை எப்போதோ விற்றுப் பணத்தையும் செலவழித்துவிட்டவர், யாரோ ஓட்டிய வண்டிக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டியிருக்கும் என்பதே இதன் பொருள். 2025 நவம்பர் 10-ந் தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்ததும் கை மாறி வந்த ஒரு பழைய கார்தான். பதிவு எண்ணை வைத்துக்கொண்டு போலீஸார் முதலில் தேடிப் போனது, அதை மாதங்களுக்கு முன்பே விற்றுவிட்ட பதிவுச் சொந்தக்காரரை.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு, விற்பவருக்கும் கடமை விதிக்கிறது. அதே மாநிலத்தில் பதிவான வண்டியானால் 14 நாட்களுக்குள் விற்றதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியானால், பதிவான இடத்திலிருந்து ஆட்சேபணையில்லாச் சான்றிதழ் பெற்று 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 29, 30-ம் எண் படிவங்களில் வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குவது, அவருடைய அடையாள அட்டை நகலை வைத்துக்கொள்வது, பெயர் மாறியதை இணையத்தில் பார்த்து உறுதி செய்துகொள்வது ஆகிய மூன்றையும் செய்தால்தான் விற்பனை முடிந்ததாகும். பணம் கைக்கு வந்ததோடு முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டு வண்டியை ஆந்திராவில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பவர், விற்காவிட்டாலும்கூட இங்கே புதிய எண் வாங்கக் கடமைப்பட்டவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

சிறிய சாமான்களிலும் சில எச்சரிக்கைகள் தேவை. அடுப்போடு சேர்த்துச் சமையல் எரிவாயு சிலிண்டரையும் விற்பதாக விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. குடும்பம் கட்டியிருப்பது டெபாசிட் மட்டுமே. மாற்றலாகிப் போகும்போது அதை ஏஜென்சியில் ஒப்படைத்தால், விதிப்படி டெபாசிட் திரும்பக் கிடைக்கும். அல்லது புதிய ஊரில் இணைப்பைத் தொடரலாம். பழைய செல்போனை விற்பவர், அதிலுள்ள கணக்குகளிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, சிம் கார்டை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாங்குபவர் ரசீது கேட்பதைக் குற்றமாக நினைக்கக் கூடாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கெட்ட எண்ணத்துடன் வாங்குவது பாரதிய நியாய சம்ஹிதையின் 317-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே நேர்மையாக விற்பவரும் நேர்மையாக வாங்குபவரும் ஒரு வெள்ளைத் தாளில் பொருள், எண், விலை, தேதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது இருவருக்குமே காப்பு.

ஆனால் எல்லாப் பாரத்தையும் விற்பவர் தலையிலேயே சுமத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமல்ல. பத்திரிகையில் வரும் ஒவ்வொரு வரிக்கும், விளம்பரம் உட்பட, ஆசிரியரே பொறுப்பு என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகள் கூறுகின்றன. மூன்று வரிக்கு இந்தப் பொறுப்பு. லட்சக்கணக்கான விளம்பரங்களைத் தாங்கும் இணையத் தளங்களுக்கோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு 'இடையில் நிற்பவர்' என்ற பெயரில் விலக்கு அளிக்கிறது. உரிய கவனத்தோடு நடந்துகொண்டால் போதும் என்பது நிபந்தனை. புகார் அதிகாரி ஒருவரை வைத்து, புகாரை 24 மணி நேரத்துக்குள் ஏற்று, 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் வந்த விதிகள் சொல்லின. பணம் பறிபோனவருக்குப் பதினைந்து நாள் என்பது பதினைந்து யுகம்.

ஒவ்வொரு விளம்பரத்தையும் பரிசோதிக்க முடியாது என்று தளங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் புதிதாக முளைத்த எண்ணிலிருந்து ஒரே நாளில் நூறு விற்பனையாளர்களைக் கூப்பிடுகிறவர் சாமான் வாங்க வந்தவர் அல்ல என்பதைக் கண்டுகொள்ளப் பெரிய பரிசோதனை தேவையில்லை. விளம்பரம் கொடுப்பவரின் எண்ணை ஊரெல்லாம் பார்க்கும்படி வைக்காமல், பழைய பெட்டி எண் போல மறைத்து வைப்பதை எல்லாத் தளங்களும் கட்டாயமாக்கலாம். எச்சரிக்கைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் போடலாம். இங்கிலீஷில் பொடி எழுத்தில் வரும் எச்சரிக்கையால் விசைத்தறித் தொழிலாளிக்கு என்ன பிரயோஜனம்?

போலீஸாருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 'நீரே எண்ணைப் போட்டுவிட்டு இப்போது வந்து அழுதால் என்ன செய்வது?' என்ற பதிலோடு ஆளைத் திருப்பி அனுப்புவது கூடாது. ஏமாந்ததால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க இடமளிக்கிறது. 'ஏமாற்றியவன் ராஜஸ்தானில் இருக்கிறான், இங்கே எழுத முடியாது' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. தமிழில் எழுதிய புகார்களையும் வாங்கி, மொழிபெயர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது எல்லை மாவட்டங்களின் போலீஸ் நிர்வாகத்துக்குக் கஷ்டமான காரியமல்ல.

பணத்தை இழந்தவர் முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. அதே நிமிஷத்தில் பாங்குக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்குப் பாய்வதற்குள் அதை நிறுத்திவைக்க இதுவே வழி. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் நஷ்டத்தை, அவர் பாங்குக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு போவது பாங்கின் பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கு வகுத்த விதிகள் கூறின. ஆகவே வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டத்தைத்தான் கூட்டும். மனைவிக்குத் தெரியக் கூடாது, ஆபீஸில் சிரிப்பார்கள் என்று மௌனமாக இருப்பவர்களால்தான் இந்தக் கூட்டங்கள் செழிக்கின்றன.

இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சங்கங்களும், தொழிற்சங்கங்களும், ஊழியர் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது நிறைய. சங்கக் கட்டிடத்தில் ஒரு கரும்பலகை, பெயரும் சங்கத்துக்குத் தெரிந்த முகவரியும் கொண்ட உறுப்பினர்களின் விற்பனைக் குறிப்புகள், பேரம் முடியும்போது சாட்சியாக ஒருவர், வண்டி விற்பனைக்குப் படிவம் நிரப்பித் தர ஒரு குமாஸ்தா. இதற்குச் செலவு அதிகமில்லை. மாற்றலாகிப் போகும் குடும்பத்தின் சாமானைப் புதிதாக வந்து இறங்கும் குடும்பத்தோடு சேர்த்து வைப்பதைவிட உருப்படியான சங்கப் பணி வேறென்ன இருக்கிறது? செல்போனில் விளம்பரம் செய்பவரும், கூடுமானவரை உள்ளூரில், பகல் நேரத்தில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது, நேரில் வந்து பார்ப்பவருக்கே விற்பது என்று வைத்துக்கொள்ளலாம். அவசரப்படுத்துகிறவருக்கும் பேரம் பேசாதவருக்கும் பொருள் இல்லை என்று சொல்லிவிடலாம்.

நாலாயிரம் ரூபாய் சைக்கிளும் எட்டாயிரம் ரூபாய் தையல் மிஷினும் அரசாங்கக் கணக்கில் அற்பத் தொகைகள். பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவருக்கு அவை ஒரு மாத வாடகை, ஒரு பள்ளிக் கட்டணம், ஊர் திரும்பும் பிரயாணச் செலவு. அந்தக் கணக்கையும் பார்த்து இணையத் தளங்களும், பாங்குகளும், போலீஸ் இலாகாவும் தங்கள் பங்குப் பொறுப்பை ஏற்க முன்வர வேண்டும். வாங்குபவரைக் காப்பாற்ற நுகர்வோர் சட்டம் இருக்கிறது. தன் சொந்தச் சாமானை நியாய விலைக்கு விற்க முற்படும் ஏழைக்கும் அத்தகைய காப்பு கிடைக்கும்படி செய்வது அரசாங்கங்களின் கடமை.